"வேலையை மட்டும்தான் பார்ப்போம்" என்பவர்களிடம் நாங்கள் பட்டது

ஓஎம்ஆர் பயணி:
நான் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண். சாஃப்ட்வேரில் பதினோரு வருஷம். கெஜட்டில் பெயர் மாற்றி, ஆதார், பான் எல்லாம் திருத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். எச்ஆரில் தயங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாட்டிக்கொண்டது ஐடி சப்போர்ட்டில். "லாகின் ஐடியை மாத்தினா சிஸ்டமே உடைஞ்சிடும் ப்ரோ" என்றார் அட்மின். அதற்கு முந்தின மாதம்தான் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். கேட்டால், "அது வேற கேஸ்." எட்டு மாதம், மீட்டிங் அழைப்பு ஒவ்வொன்றிலும் பழைய பெயர். ஜூனில் மட்டும், பிரைடு மாதம் என்று லாபி முழுக்க வானவில் பலூன்.

அப்புறம் கெஞ்சுவதை விட்டுவிட்டு பக் டிக்கெட், அதாவது மென்பொருளில் கோளாறு என்று ஒரு புகார், போட்டேன். எந்தத் திரையில் என்ன வருகிறது, என்ன வர வேண்டும், ஆறு ஸ்க்ரீன்ஷாட். இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார்கள். வருத்தப்பட்டுப் பேசினால் 'எமோஷனல்', பக் என்றால் மரியாதை. சந்தோஷம்தான். ஆனாலும் அந்த டிக்கெட்டில் 'கோளாறு' என்ற இடத்தில் இருப்பது என் பெயர்.

ஆய்வகத்து எலி:
உங்கள் அட்மினுக்கு எங்கள் ஆராய்ச்சி கைடு அண்ணன் முறை. "சயின்ஸுக்கு ஆம்பளை பொம்பளை கிடையாதும்மா" என்பார் அடிக்கடி. ஒரு நாள் டீ நேரத்தில் பென் பாரஸ் கதையைச் சொன்னேன். ஸ்டான்ஃபோர்டு நரம்பியல் விஞ்ஞானி, திருநம்பி. அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவியாக இருந்தபோது, வகுப்பே திணறிய ஒரு கணக்கைப் போட்டிருக்கிறார். "உன் பாய்ஃப்ரெண்ட் போட்டுக் கொடுத்திருப்பான்" என்றாராம் பேராசிரியர். ஆணாக வாழத் தொடங்கியபின் ஒரு கருத்தரங்கம் முடிந்ததும் ஒருவர் சொன்னாராம்: பென் அருமையாகப் பேசினார், அவருடைய சகோதரியின் ஆராய்ச்சியைவிட இது எவ்வளவோ மேல். அந்தச் 'சகோதரி'யும் பென்தான்! அறிவியலில் பெண்களுக்குப் பிறவியிலேயே திறமை குறைவு என்று வாதிட்டவர்களுக்குப் பதிலாக, 2006ல் நேச்சர் இதழில் இதையெல்லாம் எழுதினார்.

கைடு தம்ளரைக் கீழே வைத்தார். "ஒருத்தரோட அனுபவம் டேட்டா ஆகாதும்மா." கொஞ்சம் கழித்து, "அது என்ன கணக்காம்?"

ரிட்டயர்டு வாத்தியார்:
கார்வர் மீடும் லின் கான்வேயும் சேர்ந்து எழுதி 1980ல் வந்த சிப் வடிவமைப்புப் பாடநூலை வைத்துத்தான் நான் பல வருஷம் பாடம் நடத்தினேன். கான்வே திருநங்கை என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல்தான் அவரும் பார்த்துக்கொண்டார். பெண்ணாக மாறப்போகிறார் என்று தெரிந்ததும் 1968ல் கணினி நிறுவனமான ஐபிஎம் அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டது. புதுப் பெயரில், பழைய சாதனை எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார். முப்பது வருஷம் வெளியே மூச்சுவிடவில்லை. திறமையை மட்டும் பார்க்கிற துறை என்று மாணவர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

தான் திருநங்கை என்று வெளியே சொன்னபின் அவர் போராடிய விதம் அச்சு அசல் இன்ஜினியருடையது. திருநங்கையர் முப்பதாயிரத்தில் ஒருவர்தான் என்று மனநல மருத்துவர்கள் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள். கான்வே கோஷம் போடவில்லை. அமெரிக்காவில் நடந்த அறுவைச் சிகிச்சைகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு, குறைந்தது 2,500க்கு ஒருவர் என்று காட்டினார். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020ல், 52 வருஷம் கழித்து. 2024ல் மறைந்தார்.

பயணி சொன்ன வருத்தமும் புரிகிறது. நான் ஓய்வுபெறும் வருஷம் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்ததும் வந்து, "சார், அட்டெண்டன்ஸில் வேற பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டது. கூப்பிட்டேன். ஆனால் கல்லூரி சாஃப்ட்வேர் ஏற்கவில்லை. பிரிண்ட் எடுத்த தாளில், தினமும் பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

ஓஎம்ஆர் பயணி:
சார், அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறதா? டிக்கெட் ஃபார்மேட் அனுப்புகிறேன், கொடுங்கள்.