பெத்லகேமுக்குள் வராத கைடு

இழையைத் தொடங்கியவர் (நாகர்கோவில்)

2019 பிப்ரவரியில் எங்கள் சபையிலிருந்து 42 பேர் புனித பூமிப் பயணம் போனோம். எருசலேமிலிருந்து பெத்லகேமுக்குப் பத்து கிலோமீட்டர்தான். நான்கு நாளாகக் கூடவே வந்த இஸ்ரேலிய கைடு, செக்போஸ்ட்டுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஊர்களுக்குப் போகும் வழியில் பெரிய சிவப்புப் பலகை நிற்கும். இஸ்ரேலியக் குடிமக்கள் நுழைவது சட்டவிரோதம், உயிருக்கு ஆபத்து என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். அந்தப் பக்கம் போனதும் பெத்லகேம்காரர் ஒருவர் ஏறினார். எங்கள் பெயர்ப் பட்டியல் டிரைவர் கையால்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது. ஆறு வருஷமாக இப்படித்தானாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

இயேசு பிறந்த குகைக்குள் இறங்க ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். அப்போது அந்த பெத்லகேம் கைடு சொன்னதை மறக்க முடியவில்லை. அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய், சிகிச்சை கிழக்கு எருசலேமில். எருசலேமுக்குள் போக இஸ்ரேல் தரும் பர்மிட் அம்மாவுக்கு வந்தது, மகனுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் துணைக்குப் போய் வந்தாராம். "அவங்க நாடு இருக்கக் கூடாதுன்னு நான் கேக்கலை சார். எங்கம்மாவை நானே கூட்டிட்டுப் போகணும், அதுக்கு எனக்கு ஒரு நாடு வேணும்" என்றார்.

சாயங்காலம் திரும்பும்போது இஸ்ரேலிய கைடு அதே இடத்தில் நின்றிருந்தார். அன்று ராத்திரி ஓட்டல் வாசலில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 1988இல், 19 வயதில், ராணுவத்தில் ஹெப்ரானில் இருந்தாராம். ராத்திரி வீடு வீடாகக் கதவைத் தட்டும் வேலை. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் பிரதமர் ராபின் பேசிய சமாதானக் கூட்டத்துக்கும் போயிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் ராபினைச் சுட்டுக் கொன்றவன் யூதன் என்று தெரிந்தபோது ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம். "என் பையனுக்கு அடுத்த வருஷம் 18. அவனும் போய் அதே கதவுகளைத் தட்டணுமா?" என்றார்.

1947இல் ஐ.நா. இரண்டு நாடு என்றது. இஸ்ரேல் பிறந்தது. பாலஸ்தீனம் பிறக்கவில்லை, 7 லட்சம் பேர் வீடிழந்ததுதான் மிச்சம். 1967 போரில் பெத்லகேம் இருக்கும் மேற்குக் கரை, கிழக்கு எருசலேம், காஸா எல்லாம் இஸ்ரேல் கைக்குப் போயின. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைவர்களும் 1993இல் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு என்று போட்ட இடைக்கால ஏற்பாட்டில்தான் அந்த மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மேற்குக் கரையில் சுமார் 60 சதவீத நிலம் முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில். இதை எத்தனை தலைமுறைக்கு இழுப்பது?

இஸ்ரேலின் ஹைஃபாவில் பராமரிப்பு வேலை பார்த்தவர்

நான் பார்த்துக்கொண்ட யூதப் பாட்டி 1935இல் ஈராக்கின் பாக்தாதில் பிறந்தவர். 1941இல் அங்கே யூதர்களைத் தாக்கிய கலவரத்தில் மொட்டை மாடியில் ஒளிந்திருந்தது அவருக்கு அப்படியே ஞாபகம். 1951இல் குடும்பத்தோடு இஸ்ரேலுக்கு விமானமேறினார்கள். வீடு, கடை எல்லாம் அங்கேயே போயிற்று. "இவங்க எங்கேயிருந்து வந்தாங்களோ அங்கேயே போகட்டும்" என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தப் பாட்டி முகம்தான் வரும். பாக்தாதுக்கா போவார்?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுமார் 1,200 பேர் கொலை, 251 பேர் பிணைக்கைதிகள். அப்புறம் காஸாவில் பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனதை என் போனில் பார்த்தார். எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் சைரன் அடித்து, பாதுகாப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "அடுத்தவன் தயவுல இருந்தா என்ன ஆகும்னு நான் பார்த்துட்டேன். அதனாலதான் எங்களுக்குன்னு ஒரு நாடு வேணும்ங்கிறேன். அவங்களும் அதைத்தானே கேக்கிறாங்க?"

மூன்றாமவர்

ஜெரிகோ போகும் வழியில் மாலே அதுமிம் என்ற, மேற்குக் கரையில் இஸ்ரேலியர்கள் கட்டிய குடியேற்றத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அது முழுசாக ஒரு நகரம். கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலே 5 லட்சம் குடியேற்றக்காரர்கள் இருக்கும்போது இரண்டு நாட்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

இழையைத் தொடங்கியவர்

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கலக்கம் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் 1967 போருக்கு முந்தைய எல்லைக்குப் பக்கத்துக் குடியேற்றங்களில்தான் இருக்கிறார்கள். அந்த இடங்களை இஸ்ரேல் வைத்துக்கொண்டு, அதே அளவு நிலத்தை வேறு பக்கம் கொடுக்கலாம் என்று இரு தரப்பு ஆட்களும் உட்கார்ந்து 2003இல் ஜெனிவா வரைவு என்ற, அரசுகள் ஏற்காத சமாதானத் திட்டத்தில் வரைபடமே போட்டார்கள். மீதிப் பேரை எழுப்புவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2005இல் காஸாவிலிருந்து சுமார் 8,000 பேரை இஸ்ரேலே வெளியேற்றியது. அதை ஒப்பந்தம் இல்லாமல் தன்னிச்சையாகச் செய்ததுதான் தப்பு என்பேன். ஒரே நாடாக இருக்கட்டும் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: ஏறக்குறைய 70 லட்சம் யூதர்கள், 70 லட்சம் பாலஸ்தீனர்கள், ராணுவம் யார் கையில்?

இரண்டு கைடுகளின் நம்பரும் என்னிடம் இருக்கின்றன. 2023 நவம்பரில் விசாரித்தேன். இஸ்ரேலிய கைடின் மகன் ரிசர்வ் படையில் காஸாவுக்குப் போயிருந்தான். பெத்லகேம்காரருக்குப் பயணிகளே இல்லை, வேலை போய்விட்டது. இரண்டு பேருமே கடைசியில், "அந்தப் பக்கத்து கைடு நல்லா இருக்காரா?" என்று கேட்டிருந்தார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவரைப் பற்றி நாகர்கோவிலில் இருக்கிற என்னிடம். இரண்டு பேர் சம்மதமும் கேட்டு, நம்பரை மாற்றிக் கொடுத்தேன்.