டெவலூஷன்: பகிர்வா, பரவலா, ஒப்படையா?

அண்ணாச்சிக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

மேலே இருக்கிற அரசு தன் அதிகாரத்தைக் கீழே இருக்கிற சபைக்குக் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'டெவலூஷன்' என்கிறோமே, அதற்குத் தமிழில் 'அதிகாரப் பகிர்வு' போதும் என்று அண்ணாச்சி முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பகிர்வு என்றதும் நம் பக்கத்தில் பாகப்பிரிவினைதான் நினைவுக்கு வரும். பிரித்த பிறகு தம்பி வயலில் அண்ணன் கால் வைக்க முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மத்திக்கும் மாநிலத்துக்கும் பட்டியல் போட்டுப் பிரிக்கிறதே, அதற்கு இந்தச் சொல் சரி. ஸ்காட்லாந்து கதை வேறு. 1998ஆம் ஆண்டுச் சட்டம் எடின்பரோவில் ஒரு நாடாளுமன்றத்தை உண்டாக்கியது. அதே சட்டம், ஸ்காட்லாந்துக்காகச் சட்டம் இயற்ற லண்டனுக்கு உள்ள அதிகாரம் அப்படியே இருக்கிறது என்றும் எழுதிவைத்தது. வட அயர்லாந்தில் ஐம்பது ஆண்டு நடந்த நாடாளுமன்றத்தை 1972இல் லண்டன் நிறுத்தியே விட்டது. பாகம் பிரித்த சொத்தில் இப்படி நடக்குமா?

'அதிகாரப் பரவல்' என்ற சொல் அதைவிட மோசம். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்றே தெரியாது. தரையில் கொட்டிய எண்ணெய் மாதிரி தானாகப் பரவுகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதே, அது பரவல். கலெக்டர் ஆபீஸுக்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிற அலைச்சல் மிச்சம். ஆனால் கலெக்டர் அங்கேயும் மாநில அரசின் அலுவலர்தான். அதிகாரம் யார் கைக்கும் மாறவில்லை, ஆபீஸ் பக்கத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது 'அதிகார ஒப்படை'. தாலுகா ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு 'நில ஒப்படை' தெரியும். அரசு தன் நிலத்தை நிபந்தனை போட்டு ஒருவருக்குக் கொடுக்கிறது. அவர் வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் போய் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிபந்தனை மீறினால் ரத்து. டெவலூஷனின் குணம் முழுக்க இதில் இருக்கிறது: கொடுத்தவர் மேலே, வாங்கியவர் சுயமாக நடத்துகிறார், திரும்பப் பிடுங்கவும் வழி உண்டு. 'ஒப்படைப்பு' என்று நீட்ட வேண்டாம். அது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிற காகிதமாகிவிடும்.

நம் பஞ்சாயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பஞ்சாயத்துகளுக்கான அரசியல் சட்ட 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடப்புக்கு வந்தது. பஞ்சாயத்துக்குக் கொடுக்கத்தக்க 29 இனங்கள் பதினோராவது அட்டவணையில் இருக்கின்றன, மூன்றாவது சிறுபாசனம். ஆனால் 243ஜி பிரிவு, மாநிலச் சட்டமன்றம் பஞ்சாயத்துக்கு அதிகாரம் 'அளிக்கலாம்' என்கிறது, 'அளிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' விகுதியில்தான் எல்லாம் தொங்குகிறது! 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள குளம் அரசுத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். எங்கள் ஊர்க் கிராம சபையில் மடையைப் பற்றி யார் எழுந்து கேட்டாலும் தலைவர், "அது நம்ம கணக்குல வராதுய்யா" என்று உட்கார்ந்துவிடுவார். அட்டவணையில் பெயர் இருக்கிறது, ஒப்படை நடக்கவில்லை. இந்த வாக்கியத்தில் 'பகிர்வு', 'பரவல்' இரண்டையும் போட்டுப் பாருங்கள், நிற்காது.

'மீளளிப்பு' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஊர்ச் சபைக்கு முன்பே இருந்ததைத் திருப்பித் தருகிறோம் என்ற நினைப்பு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வாதம், கலைச்சொல் ஆகாது. திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையில் இருக்கிற மானூர்க் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் நூறாண்டு மூத்தது. அங்கே மகாசபை, அதாவது ஊர்ச் சபை, தானே கூடி, யார் உறுப்பினராகலாம் என்று விதி வகுத்துக்கொண்டது. அது இன்றைய பஞ்சாயத்துபோல் மேலிருந்து வாங்கிய அதிகாரம் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் குழப்பம்தான்.

'டெலிகேஷன்' இன்னும் மிச்சம். பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிற மாதிரி, ஒருவர் பேரில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவது. 'சார்பதிகாரம்' என்று வைக்கலாமா? எனக்கே அரைமனசுதான்.

அப்புறம், அதே மானூர் விதியில், வருகிற தீர்மானத்துக்கெல்லாம் 'அல்ல, அல்ல' என்று மறித்தவருக்கு ஐந்து காசு தண்டம். அண்ணாச்சி, 'ஒப்படை' பிடிக்காவிட்டால் மாற்றுச் சொல்லோடு வாங்க.