பம்ப் பாதிதான் நிறைகிறது, அடி ராட் அடிக்கடி அறுகிறது

கேள்வி

பீம் பம்ப்பில் (மேலே ஆடும் உத்தரம், ராட் என்ற எஃகுக் கம்பி வரிசை வழியே கிணற்றடியில் உள்ள பம்ப்பை இயக்கும்) ஓடும் எண்ணெய்க் கிணறு. பிளஞ்சர் (பம்ப்புக்குள் ஏறி இறங்கும் உலக்கை) 1.5 அங்குலம், ஸ்ட்ரோக் 74 அங்குலம், நிமிடத்துக்கு 8 ஸ்ட்ரோக். கணக்குப்படி நாளுக்கு 155 பீப்பாய் வரவேண்டும். டேங்கில் அளந்தால் 60தான். பாலிஷ்ட் ராட் (ராட் வரிசையின் மேல்முனைக் கம்பி) கீழிறங்கும்போது பாதி வழியில் ஓர் உதறல். ஆறு மாதத்தில் மூன்று முறை, பம்ப்புக்குச் சற்று மேலே 3/4 அங்குல ராட் அறுந்துவிட்டது. உயர்தர ராட் போட்டால் நிற்குமா?

பதில்கள் (எழுதியவர் புனைபெயருடன்)

குதிரைத்தலை:

அடுத்த முறை விலை கூடிய ராட் அறும், அவ்வளவுதான்.

0.1166 (அங்குலக் கணக்கை நாளுக்குப் பீப்பாயாக மாற்றும் எண்) × 1.5² × 74 × 8, சரியாக 155தான். ஆனால் அது மேலே தெரியும் ஸ்ட்ரோக். ராட் இழுபடுவதில் கொஞ்சம் போய்விடும். பிளஞ்சர் இடுக்கில் கொஞ்சம் கசியும். அதையெல்லாம் கழித்தாலும் 60 ரொம்பக் குறைவு. உதறலையும் சேர்த்துப் பார்த்தால் பேரல் (பிளஞ்சர் ஓடும் பம்ப் குழாய்) நிறையவில்லை. பிளஞ்சர் காலியிடத்தில் இறங்கும்வரை டிராவலிங் வால்வு (பிளஞ்சரோடு நகரும் வால்வு) திறக்காது, டியூபிங்கில் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) உள்ள திரவத்தின் சுமை ராட்டிலேயே தொங்கும். திரவத்தில் மோதியதும் அந்தச் சுமை சட்டென்று கழன்றுவிடும். பாதி ஸ்ட்ரோக்கில்தான் பிளஞ்சருக்கு வேகம் அதிகம், அடியும் அங்கேதான் பலம். அடி ராட் நெளிந்து டியூபிங்கில் உரசுவது இதனால்தான்.

கிணறு வற்றுகிறதா, வாயு புகுகிறதா என்று முதலில் பிரியுங்கள். கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்) வழியே ஒலி அனுப்பித் திரவ மட்டம் எடுங்கள், அதே நேரத்தில் டைனமோமீட்டர் கார்டும் (ஸ்ட்ரோக் முழுவதும் ராட்டின் சுமையைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். மட்டம் பம்ப் வாயருகே இருந்து, கார்டில் சுமை செங்குத்தாக விழுந்தால் கிணறு வற்றியிருக்கிறது. மட்டம் நன்றாக மேலே இருந்தும் பம்ப் நிறையாமல், சுமை வளைந்து மெல்ல இறங்கினால் வாயு. ஒன்று கவனம்: கேசிங்கில் நுரைத்த எண்ணெய் இருந்தால் மட்டம் உள்ளதைவிட உயரமாகத் தெரியும்.

அடிக்கிணறு:

வற்றியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பம்ப்புக்கு ஒரு எஸ்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு ஒரு ஸ்ட்ரோக்) நாளுக்கு சுமார் 19.4 பீப்பாய். 80 சதவீதம் நிறைந்தால் 60 பீப்பாய்க்கு 4 எஸ்பிஎம் போதும். உற்பத்தி குறையாது, கிணறு தருவதே அவ்வளவுதான்.

மோட்டார் புல்லியை மாற்றியோ விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டோ குறைக்கலாம். ஆனால் 5 எஸ்பிஎம்முக்குக் கீழே போனால் கியர்பாக்ஸில் எண்ணெய் தெறித்து பேரிங் வரை போகாமல் போகலாம். உள்ளே வைப்பர் (எண்ணெயை வழித்து பேரிங்குக்கு அனுப்பும் தகடு) இருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள். பலர் மறப்பது இது, பின்னால் கியர்பாக்ஸே போய்விடும்.

டைமர் வைத்து நிறுத்தி ஓட்டுவதும் வழிதான். மணல் வரும் கிணற்றில் மட்டும் வேண்டாம், நிறுத்திய நேரத்தில் மணல் பம்ப்பின் மேல் படிந்து பிளஞ்சர் இறுகிவிடும்.

கேஸ்ஆங்கர்:

வாயுவாக இருந்தால் வேகத்தைக் குறைப்பது பாதி மருந்துதான். கேசிங்கில் இடமிருந்தால் பம்ப் வாயை பெர்ஃபரேஷனுக்கு (எண்ணெய் உள்ளே வர கேசிங்கில் இட்ட துளைகள்) கீழே இறக்குங்கள். வாயு மேலே போகும், திரவம் கீழே வரும். முடியாவிட்டால் கேஸ் செபரேட்டர் (பம்ப் வாயில் வாயுவைப் பிரிக்கும் கருவி). அதற்குள் திரவம் இறங்கும் வேகம் நொடிக்கு 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் குமிழிகளும் கூடவே இறங்கிவிடும். கேசிங் வால்வைத் தேவையில்லாமல் மூடி வைக்காதீர்கள்.

ஸ்ட்ரோக்கின் கீழ் எல்லையில் டிராவலிங் வால்வுக்கும் பம்ப்பின் அடியில் உள்ள நிலை வால்வுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதற்காகப் பிளஞ்சர் பம்ப்பின் அடியில் தட்டும்படி ஓட்டாதீர்கள். வாயுப் பூட்டு (வாயு நிறைந்து வால்வுகள் திறக்காத நிலை) திறந்தாலும் ராட்டும் வால்வு கேஜும் (வால்வுக் குண்டின் கூடு) சேதமாகும்.

கப்ளிங்:

அறுந்த முனையைத் துடைத்துப் பாருங்கள். பின் (ராட் முனையின் இழைப்பகுதி) அறுந்திருந்தால் பெரும்பாலும் முறுக்கம் போதவில்லை. இழையைச் சுத்தம் செய்து, கையால் முட்டும்வரை திருகி, கோடு போட்டு, அந்த ராட்டுக்கு உரிய அட்டையில் சொன்ன அளவு கோடு நகரும்வரை இறுக்குங்கள். டார்க் எண்ணை மட்டும் நம்பினால் உராய்வு ஏமாற்றிவிடும். ராட்டின் உடம்பில், குழியிலோ கீறலிலோ தொடங்கி அறுந்திருந்தால் அரிப்பு, அல்லது தூக்கும்போது பட்ட சுத்தியல் அடி. பம்ப்புக்கு மேலே 1.5 அங்குல சிங்க்கர் பார் (கனமான தடித்த கம்பி) போட்டால் நெளிவு குறையும்.

எதை மாற்றினாலும் கடைசியில் கிளாம்ப் மீட்டர் வைத்து ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டார் ஆம்பியர் உச்சத்தைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும்வரை எதிர்எடையை நகர்த்துங்கள். ஏறும்போது கூடினால் எடை போதாது. கிராங்கில் வெளிப்பக்கம் தள்ளுங்கள். பிரேக்கை மட்டும் நம்பாமல் கிராங்கைச் சங்கிலி போட்டுக் கட்டி, மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.