மாண்டரின் வகுப்புக்கு ஒரு செயலி வேண்டும், இரண்டு குரல்களும் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பிள்ளைகள் 11 பேருக்குச் சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் மாண்டரின் சீன மொழி சொல்லிக்கொடுக்கிறேன்.

சொற்களை மனத்தில் நிறுத்த ‘அங்கி’ செயலி போதும். மறக்கப்போகிற நேரம் பார்த்து அந்தச் சொல் உள்ள அட்டையைத் திரும்பக் காட்டிவிடுகிறது. திணறல் எல்லாம் தொனியில்தான், அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கத்தில்தான். மாண்டரினில் முக்கியமான தொனிகள் 4. ‘மா’வை மேலேயே சமமாகப் பிடித்தால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. போன வாரம் ஒரு சிறுமி காற்றில் கையை வளைத்து வளைத்துக் குதிரையைச் சொல்லிப் பார்த்தாள். கை அழகாக வளைந்தது, குரல் வளையவே இல்லை. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் குரலைக் கோடாக வரைந்து காட்டினால் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது, இணையமும் வேண்டாம். ஆனால் இருப்பது என்னுடைய ஒரே மடிக்கணினி. பிள்ளைகள் கையில் அப்பா அம்மாவின் ஆண்ட்ராய்டு போன்தான், அதுவும் மண்டபத்தில் லைன் சரியாகக் கிடைக்காது.

இணையம் இல்லாமல் போனிலேயே இப்படிக் கோடு வரையும் செயலியை யாராவது வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? அப்புறம், மாண்டரின் தாய்மொழியாக உள்ள நண்பர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், 40 சொற்களை நிதானமாகப் பேசிப் பதிவு செய்து தந்தால் பேருதவி. பட்டியல் தயாராக இருக்கிறது, கேட்டால் உடனே அனுப்புகிறேன்.