இரட்டைக் குறியீட்டுப் பரிசோதனையும் குழந்தையின் நிறையும்: எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்:

முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது, 12ஆம் வாரத்தில் ஸ்கேனுடன் சேர்த்து டபுள் மார்க்கர் எனப்படும் இரட்டைக் குறியீட்டுக் குருதிப் பரிசோதனையையும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் செய்துகொண்டேன். குரோமோசோம் குறைபாடு இருக்கிறதா என்று அறிவதற்காகவே சென்றேன். அந்த ஆபத்து மிகக் குறைவு என்று அறிக்கை கூறியது. ஆனால் பாப்-ஏ என்னும் புரதத்துக்கு எதிரே 0.34 என்ற எண் தடித்த எழுத்தில் இருந்தது. விளக்கம் எதுவும் சொல்லாமல் உறையிலிட்டுக் கையில் தந்துவிட்டார்கள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் எனது வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இப்புரதத்தைச் சூல்வித்தகம் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணியைப் பிணைத்து வைத்திருக்கும் இன்னொரு புரதத்தை வெட்டி, அக்காரணியை விடுவிப்பது இதன் வேலை. அதே வாரத்திலுள்ள தாய்மாரின் இடைநிலை அளவை 1 என்று கொண்டால், ஏறத்தாழ 0.4க்குக் கீழே இருப்பவர்களுக்குக் குழந்தை சிறிதாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுதல். ஆயினும் அவர்களிலும் பெரும்பாலானோர் இயல்பான நிறையுள்ள பிள்ளைகளையே பெறுகிறார்கள் என்று அவர் இருமுறை அழுத்திச் சொன்னார். இரவில் சிறிய அளவு அஸ்பிரின் தந்து, 28, 32, 36ஆம் வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன் செய்வித்தார். 39ஆம் வாரத்தில் மகள் 2.9 கிலோகிராம் நிறையுடன் பிறந்தாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்:

எனக்கு நேர்மாறாக நடந்தது. முதல் மூன்று மாதக் குருதி அளவுகள் யாவும் இயல்பாக இருந்ததால் நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். 31ஆம் வாரத்தில் கிளினிக்கில் குடும்பநல மாது அளவு நாடாவால் வயிற்றின் மேல் கருப்பையின் உயரத்தை அளந்தபோது 27 சென்டிமீற்றரே இருந்தது. வாரக் கணக்கை ஒட்டியே அந்த அளவும் வரவேண்டும் என்று சொல்லி, அன்றே என்னை வைத்தியசாலைக்கு அனுப்பினார். டொப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியின் குருதியோட்டம் குறைந்திருப்பது தெரிந்தது. 37ஆம் வாரத்தில் மகன் 2.1 கிலோகிராமில் பிறந்தான். அந்த நாடாவைக் கையில் எடுத்த அக்காவை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆய்வுகூடத்தில் பணிபுரியும் ஒருவர்:

பாப்-ஏ வாரத்துக்கு வாரம் வேகமாக உயர்வது. ஆகவே கர்ப்ப வாரம் ஸ்கேன் அளவின்படி சரியாகக் குறிக்கப்படாவிட்டால், இயல்பான அளவும் குறைவானதாகத் தோன்றும். தாயின் நிறையும் அவ்வாறே முக்கியமானது. நிறை கூடியவரின் உடலில் குருதியின் கனவளவு அதிகமாதலால் புரதம் ஐதாகிவிடுகிறது, கணக்கில் அதற்கேற்ற திருத்தம் செய்தாக வேண்டும். படிவத்தை நிரப்பும் வேளையில் உங்களை நிறுத்துப் பார்த்தார்களா என்று தயவுசெய்து கவனியுங்கள்.

வெள்ளவத்தைத் தாய் மீண்டும்:

இதை வாசித்தவுடன் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். அன்று என்னை எவரும் நிறுக்கவில்லை. அறிக்கையில் எனது நிறை 58 கிலோகிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதே வாரத்துக் கிளினிக் அட்டையில் 81 என்று இருக்கிறது.