சுங்கை சிப்புட் குடும்பக் குழு: 19 நாள் ஆட்டமும் 1.7 கிலோவும்

சின்ன அத்தை, காலை 6.52
அனைவருக்கும் வணக்கம். பாலாய் ராயா சமூகக் கூடத்தில் நடக்கும் ஜும்பா வகுப்புக்குப் போகத் தொடங்கி இன்றோடு 19 நாள் ஆகிறது. வாரத்தில் நான்கு மாலை, ஒரு நாளும் தவறவில்லை. போதாததற்கு வீட்டில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்கிறேன். தொடங்கிய அன்று காலை 71.2 கிலோ இருந்தேன். இன்று 72.9 காட்டுகிறது. இயந்திரத்தை இடம் மாற்றி வைத்து மூன்று முறை ஏறிப் பார்த்துவிட்டேன். இதற்குப் பேசாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம்.

பெரியப்பா, காலை 6.58
சின்னவளே, 'வெயிட்' என்று எழுதாமல் இருந்ததற்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் என் நன்றி. வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்குத்தான் போகிறாயா என்பதையும் குழுவில் சொல்லிவிடு.

சின்ன அத்தை, காலை 7.01
தோழிகள் கூப்பிடும்போது எப்படி அண்ணா மறுப்பது? ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். அவ்வளவுதான்.

பாட்டி (தம்பியின் கைப்பேசியிலிருந்து), காலை 7.06
பாட்டி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "நான் ஒரு நாளைக்கு 500 ரப்பர் மரம் சீவி, காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்த காலத்தில் என்னை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. பாலைத்தான் நிறுத்தார்கள்."

நான், காலை 7.20
இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வந்தேன், அத்தை. புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரங்களில் எடை ஏறுவது வழக்கம்தான். மருத்துவமனையில் எங்கள் தாதிகளே இதைப் பார்த்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். பழகாத வேலையைச் செய்யும் தசைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் உண்டாகிறது; அதை ஆற்றுவதற்காக உடல் அங்கே நீரைத் தேக்குகிறது. ஆடிய அன்று வலிக்காத தொடை ஒன்றிரண்டு நாள் கழித்து வலிப்பதும் அதே சேதத்தால்தான். அத்துடன், அடிக்கடி வேலை வாங்கப்படும் தசை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை முன்பைவிடக் கூடுதலாகச் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைப்பதால், அந்தச் சேமிப்பு 200 கிராம் கூடினாலே இயந்திரம் முக்கால் கிலோவுக்கு மேல் ஏற்றிக் காட்டும். இதில் எதுவும் கொழுப்பு அல்ல.

பெரியப்பா, காலை 7.24
அப்படியானால் ரொட்டி சானாய் நிரபராதியா?

நான், காலை 7.29
முழுக்க இல்லை, பெரியப்பா. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆடினால் எரிவது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அந்த மிச்சத்தையும் தே தாரிக்கின் கெட்டிப்பால் இனிப்பு தின்றுவிடும். ஆனால் 1.7 கிலோ முழுவதும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், செலவானது போக 13,000 கலோரி மிஞ்சியிருக்க வேண்டும். அத்தை அவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டார். இடுப்பை அளந்தீர்களா, அத்தை?

சின்ன அத்தை, காலை 7.33
தையல் நாடாவால் அளந்தேன். முன்பு 94 சென்டிமீட்டர், இப்போது 92. கால்சட்டை தளர்ந்திருக்கிறது, ஆனால் புதுக் காலணிதான் மாலையில் இறுக்குகிறது.

நான், காலை 7.34
காலணி இறுக்குகிறதா? நேற்று காலுறையைக் கழற்றிய பிறகு அதன் தடம் எவ்வளவு நேரம் இருந்தது?

சின்ன அத்தை, காலை 7.36
படுக்கப் போகும்வரை இருந்தது.

நான், காலை 7.37
கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள்.

சின்ன அத்தை, காலை 7.41
குழி விழுகிறது, மெதுவாகத்தான் நிரம்புகிறது. இரண்டு காலிலும் அப்படியே.

நான், காலை 7.43
படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அண்மையில் ஏதாவது மாத்திரை மாற்றினார்களா?

சின்ன அத்தை, காலை 7.46
மூச்சு நன்றாக இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். நான் ஜும்பாவில் சேர்ந்த அதே வாரம்தான்.

நான், காலை 7.52
தசையில் தேங்கும் நீர் கணுக்காலில் இப்படிக் குழி விழச் செய்யாது, அத்தை. அம்லோடிபினின் அளவு கூடும்போது பலருக்குக் கால் வீங்குவது உண்டு, பெண்களுக்கு அது இன்னும் அதிகம். ஆனாலும் மாத்திரைதான் காரணம் என்று நானாக முடிவு கட்ட மாட்டேன். இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடும். இன்றே அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் இந்தத் தேதிகளை அப்படியே சொல்லுங்கள். இடையில் மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சின்ன அத்தை, காலை 7.55
இன்று மாலை வகுப்புக்குப் போகலாமா?

நான், காலை 7.56
மருத்துவர் பார்த்த பிறகு அவரிடமே கேளுங்கள்.

பெரியப்பா, காலை 7.58
எட்டேகாலுக்கு வாசலில் ஹாரன் அடிப்பேன். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள். வழியில் எந்தக் கடையிலும் நிறுத்த மாட்டேன்.