லாம்டா ஃபேஜ்: ஓ.டி. ஏன் ஒரே அடியாக விழுகிறது?

கயல்_மைக்ரோ:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. லாம்டா ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) உள்ளே உறங்கிக்கிடக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை, அதாவது லைசோஜெனை (சூட்டில் ஃபேஜ் விழித்துக்கொள்ளும் சிஐ857 வகை), 42 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, 37-க்கு மாற்றி ஷேக்கரில் விட்டோம். ஓ.டி. (செல்களால் வரும் கலங்கலின் அளவு) ஏறிக்கொண்டேதான் போனது. சுமார் 50 நிமிடத்தில் சட்டென்று விழுந்து, கலங்கலாக இருந்த குடுவை தெளிந்துவிட்டது. நூல் நூலாக ஏதோ மிதந்தது. செல் சுவரை அரிக்கும் என்சைம் முன்பே உருவாகிவிடுகிறதாமே? அப்படியானால் மெதுவாகத்தானே இறங்க வேண்டும்?

ஃபேஜ்_வாத்தியார்:
அருமையான கேள்வி கயல். நூலாக மிதந்தது டி.என்.ஏ.; டி.என்.ஏஸ் கொஞ்சம் போட்டால் போய்விடும்.

என்சைம் தயார்தான். ஆனால் அது உள் சவ்வுக்கு இந்தப் பக்கம், அரிக்க வேண்டிய சுவர் அந்தப் பக்கம். வழிவிட வேண்டியது ஹோலின், சவ்வில் ஓட்டை போடும் ஃபேஜ் புரதம். லாம்டாவில் அது எஸ்105, மொத்தமே 105 அமினோ அமிலம். சவ்வில் சேர்ந்துகொண்டே போகும், செல்லோ ஒன்றுமே நடக்காததுபோல் வளரும். போதிய அளவு சேர்ந்ததும் கூட்டமாகத் திரண்டு ஓட்டை போடும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரை யங் குழுவினர் 2010-இல் வெளியிட்ட படங்களில் ஓட்டையின் சராசரி அகலம் சுமார் 340 நானோமீட்டர். ஈ.கோலையின் நீளமே 2 மைக்ரான்தான், யோசித்துப் பார்!

உன் கேள்விக்கான விடை எஸ்107-இல் இருக்கிறது. அதே எஸ் மரபணு தரும் இன்னொரு புரதம், முன்னால் மெத்தியோனின், லைசின் என்று இரண்டு அமினோ அமிலம் மட்டும் கூடுதல். அந்த லைசினின் நேர்மின்னூட்டத்தால், சவ்வில் மின்னழுத்தம் இருக்கும்வரை எஸ்107 சவ்வுக்குள் முழுசாக நுழையாது, எஸ்105-ஐயும் பிடித்து வைத்திருக்கும். முதல் ஓட்டை விழுந்ததும் மின்னழுத்தம் போய்விடும். உடனே தடுத்துக்கொண்டிருந்ததே ஹோலினாக மாறி மற்றதோடு சேர்ந்துகொள்ளும். மெதுவாக இறங்க இடமே இல்லை.

நான் இதைக் கடிகாரம் என்றுதான் வகுப்பில் சொல்வேன். ஹோலினின் 52-ஆம் இடத்து அலனைன் கிளைசினாக மாறினால் சுமார் 20 நிமிடத்திலேயே செல் உடையும், உள்ளே ஒரு ஃபேஜ்கூட முழுசாக உருவாகியிருக்காது. அதே இடத்தில் வாலின் வந்தால் உடையவே உடையாது. ஒரு அமினோ அமிலத்தில் இவ்வளவு!

செல்வி_பயோகெம்:
எல்லா ஃபேஜும் இவ்வளவு பெரிய ஓட்டை போடாது சார். ஃபேஜ் 21 என்ற இன்னொரு ஃபேஜின் பின்ஹோலின் (குட்டி ஓட்டை ஹோலின்) போடுவது சுமார் 2 நானோமீட்டர்தான். அதன் என்சைம் ஏற்கெனவே சவ்வுக்கு வெளிப்பக்கம் கட்டுண்டு நிற்கும். மின்னழுத்தம் போனதும் கழன்றுவிடும். ஓட்டை வழியாகப் போகவேண்டிய அவசியமே இல்லை.

கயல்_மைக்ரோ:
அப்படியென்றால் 50 நிமிடத்துக்கு முன்பே மின்னழுத்தத்தை நாமே குலைத்தால்?

ஃபேஜ்_வாத்தியார்:
அப்போதே உடையும்! 40-ஆவது நிமிடத்தில், மின்னழுத்தத்தைக் குலைக்கும் டைநைட்ரோஃபீனால் சேர்த்துப் பார். பக்கத்தில் எஸ் மரபணு கெட்ட வகையையும் வை, அது அசையாது. அதில் சவ்வைக் குலைக்கும் குளோரோஃபார்ம் சில சொட்டு விட்டால் உடனே தெளியும், என்சைம் உள்ளேயே காத்திருந்தது கண்ணுக்குத் தெரியும். டைநைட்ரோஃபீனால் விஷம், காய்ந்த தூள் வெடிக்கவும் கூடும். கரைசலாகவே கேட்டு வாங்கு, கையுறை இல்லாமல் தொடாதே.